20ஆம் திகதியோடு கை காலி: திருகோணமலையில் வீட்டுச் செலவு எங்கே ஒழுகுகிறது?

உவர்மலைக்காரி | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நானும் அவரும், பிள்ளைகள் இரண்டு பேர், மாமி. இரண்டு சம்பளம் வருகிறது. ஆனாலும் 20ஆம் திகதியோடு கை காலி.

மூன்று மாதமாக 80 பக்கக் கொப்பி ஒன்றில் எல்லாச் செலவையும் எழுதி வந்தேன். பாண், போன் ரீலோட், ஓட்டோ, சின்னவன் தொலைத்த பென்சில் வரைக்கும். நேற்றிரவு கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் பயந்துகொண்டிருந்த அரிசியும் மீனும் இல்லை பிரச்சினை. போன மாதம் மட்டும் சந்திக் கடைக்கு 41 தடவை போயிருக்கிறோம். 280, 450, 310 என்று ஒவ்வொன்றும் சின்னத் தொகை. எதற்கென்று பாதிக்கு எனக்கே ஞாபகம் இல்லை.

சரி, டவுனில் மலிவு என்று சுப்பர் மார்க்கெட்டுக்குப் போன நாட்களைப் பார்த்தேன். அங்கே ஓட்டோவுக்கு மட்டும் போக வர 600. அந்த 600ஐ மிச்சம் பிடிக்க எத்தனை கிலோ பருப்பு வாங்க வேண்டும் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஆடம்பரத்தைக் குறையுங்கள் என்ற அறிவுரை வேண்டாம், அதற்கு மாமி இருக்கிறா. நீங்கள் கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

டொக்யார்ட்_ரூம்காரன் | இரவு 9.20

41 தடவையா? அக்கா, கடைக்காரர் உங்களுக்கென்று ஒரு கதிரையே போட்டு வைத்திருப்பார்.

பென்சன்_வாத்தியார் | இரவு 9.48

பிள்ளை, எழுதத் தொடங்கியதே பாதி வேலை. நான் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் பருப்பு, சீனி, பால்மா, தேயிலை, சவர்க்காரத்தூள் எல்லாவற்றுக்கும் 100 கிராம் என்ன விலை என்று பென்சிலால் எழுதுவேன். பக்கற்றின் விலையை எழுதுவதில்லை. ஏனென்றால் பக்கற் நம்மை ஏமாற்றும். விலை அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் எடை இறங்கியிருக்கும். பிஸ்கட்டில் இதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையில் இருக்கும் பொடி எழுத்தை வாசிப்பேன். கடைப் பையன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன். பெரியதை வாங்கினால் எப்போதும் மலிவு என்று நம்பியிருந்தேன். ஒருநாள் பேத்தி ஷாம்புப் போத்தலையும் சஷேயையும் வைத்துக் கணக்குப் பார்த்தாள். சஷேதான் மலிவு! ஆகவே ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிண்ணியா_நானா | இரவு 10.31

எல்லோருக்கும் ஸலாம். தங்கச்சி, நான் கடைக்காரன். 22 வருடமாகப் பலசரக்குக் கடை. எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

100 கிராம் பருப்பு கட்டி வைத்திருந்தால் அதற்குள் பொலித்தீன், கட்டுகிற பிள்ளையின் கூலி, சிந்துவது எல்லாம் இருக்கும். அதனால் சின்னப் பொட்டலம் விலை கூடத்தான் வரும். இதில் கள்ளம் இல்லை. ஆனால் ஒருவர் பத்து நாளில் பத்துப் பொட்டலம் வாங்கினால் பத்துத் தடவை அந்தக் கூலியைக் கொடுக்கிறார்.

அடுத்தது கடன் கொப்பி. கொப்பியில் எழுதுகிறவருக்கு நான் ஒரு ரூபாய் கூடப் போடுவதில்லை, அல்லாஹ் அறிவான். ஆனால் கையில் சல்லி வைத்திருப்பவர் "நானா இது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுத்தான் பையில் போடுவார். கொப்பிக்காரர் கேட்பதே இல்லை. பிள்ளை வரும், "உம்மா எழுதச் சொன்னாங்க" என்று சோடாவையும் பிஸ்கட்டையும் எடுக்கும், போகும். மாத முடிவில் உம்மா வந்து பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கை வைப்பா. எனக்கும் மனக்கஷ்டம், அவவுக்கும் மனக்கஷ்டம். இப்போது சில வீட்டாருக்கு நானே சொல்லிவிட்டேன், துண்டில் எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளையிடம் சாமான் கொடுப்பேன் என்று.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 25ஆம் திகதியளவில் அடுத்த மாதத்துக்கான பட்டியலை உங்கள் சந்திக் கடைக்காரரிடமே கொடுங்கள். "மொத்தமாக எடுக்கிறேன், கையில் காசு தருகிறேன், விலையைப் பார்த்துப் போடுங்கள்" என்று கேளுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் அவர் உங்கள் சாமானையும் தன் கொள்முதலோடு சேர்த்து எடுப்பார். என்னிடம் அப்படிக் கேட்கிற யாருக்கும் நான் குறைக்காமல் விட்டதில்லை.

ஓட்டோக் கணக்கு சரியான கணக்கு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் டவுனுக்கு வந்து கொள்முதல் செய்வேன். போக்குவரத்துக் கூலியை மூட்டைகளுக்குப் பிரித்துப் போட்ட பிறகுதான் கிலோவுக்கு விலை வைப்பேன். நீங்களும் அந்த 600ஐப் பில்லின் அடியில் எழுதிக் கூட்டுங்கள்.

உவர்மலைக்காரி | இரவு 10.50

நானா, "பிள்ளை வரும், எடுக்கும், போகும்" என்ற இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சின்னவன் போர்வைக்குள் தலையை இழுத்துவிட்டான்.

பென்சன்_வாத்தியார் | திங்கள், காலை 6.05

நானா சொன்னதோடு இன்னொன்று. கடையில் விலைப்பட்டியல் தொங்க வேண்டும், கேட்டால் பில் தர வேண்டும். அரிசிக்கு உச்ச சில்லறை விலை இருக்கிறது. 2024 டிசம்பரில் உள்ளூர் நாட்டரிசிக்குக் கிலோ 230, சம்பாவுக்கு 240, கீரிச்சம்பாவுக்கு 260 என்று வர்த்தமானியில் போட்டார்கள். அந்த எண்கள் மாறக்கூடும், ஆனால் அப்படி ஒரு எல்லை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதற்கு மேல் கேட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். நான் ஒரு முறை "1977" என்று மெதுவாகச் சொன்னதும் விலை தானாக இறங்கியது. அழைக்க வேண்டி வரவில்லை.

வயரிங்_தம்பி | திங்கள், மதியம் 1.15

அக்கா, கரண்ட் பில்லில் எத்தனை அலகு வருகிறது?

உவர்மலைக்காரி | மதியம் 1.40

கடைசியாக 97. ஏசி இல்லை. மூன்று மின்விசிறி, ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டர், அயன்.

வயரிங்_தம்பி | இரவு 8.22

வேலை முடிந்து வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வீட்டு மின்கட்டணம் படி படியாகப் போகிறது. விலை அடிக்கடி மாறுவதால் விலையைச் சொல்லவில்லை, படியை மட்டும் சொல்கிறேன். 60 அலகு வரைக்கும் ஒரு அட்டவணை. 61 ஆனால் அட்டவணையே மாறிவிடும், முதல் அலகிலிருந்தே வேறு விலை. அதற்குப் பிறகு 90, 120, 180 என்று படிகள். படி ஏற ஏற நிலையான கட்டணமும் ஏறும். நீங்கள் 97இல் நிற்கிறீர்கள். 7 அலகு குறைத்தால் 7 அலகுக் காசோடு ஒரு படியும் இறங்கும்.

பில்லில் எத்தனை நாளுக்கென்று பாருங்கள். படிகள் 30 நாள் கணக்கில் இருப்பவை. வாசிப்பவர் 34 நாள் கழித்து வந்தால் 60 என்பது 68 ஆக நீளும். பிந்தி வந்ததால் படி ஏறிவிட்டது என்று மின்சார அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்கு அவசியமில்லை.

7 அலகு எங்கே கிடைக்கும்? பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 அலகுக்கு மேல். இப்போது வரும் பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டர் விசிறி 30 வாட் அளவில் ஓடும், அதே ஓட்டத்துக்கு 9 அலகு. மூன்றையும் மாற்றச் சொல்லவில்லை. மாமியின் அறையில் நாள் முழுக்க ஓடுவது எது, அதை மட்டும் மாற்றுங்கள். அயன் 1000 வாட். காலையில் ஒவ்வொரு சட்டையாகச் சூடாக்கி எடுப்பதை விட்டுவிட்டு ஞாயிறு ஒரே தடவையில் அழுத்துங்கள்.

ஃபிரிட்ஜ்தான் நம் ஊரில் விசேஷம். உப்புக்காற்று. பின்பக்கக் கம்பிகளில் தூசியும் உப்பும் சேர்ந்து அப்பிவிடும், சூடு வெளியே போகாது, மோட்டர் நிற்காமல் ஓடும். பிளக்கைக் கழற்றிவிட்டு மாதம் ஒரு தடவை காய்ந்த துணியால் துடையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். பிறகு கதவுக்கு நடுவில் 20 ரூபாய்த் தாளை வைத்து மூடுங்கள். இழுக்கும்போது லேசாக வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை, குளிர் வெளியே போகிறது.

பாலையூற்று_அம்மா | இரவு 8.57

தம்பி, அந்த 20 ரூபாய்த் தாள் கதையை முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பல ஆயிரம் மிச்சம். போன வருடம் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று ஒருவரைக் கூப்பிட்டேன். பின்பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு "கேஸ் முடிந்துவிட்டது" என்றார். அடித்தார், காசை வாங்கினார், போனார். மூன்றாம் கிழமை பழையபடி. திரும்பக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. பிறகு வந்த பெடியன் கதவைத் திறந்து ரப்பரை விரலால் நீவிப் பார்த்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, மகளின் முடி உலர்த்தியால் சூடு காட்டி நிமிர்த்திவிட்டான். தேத்தண்ணி குடித்துவிட்டு 500 ரூபாய் கேட்டான்.

வயரிங்_தம்பி | இரவு 9.10

அம்மா, ஃபிரிட்ஜின் கேஸ் மோட்டர் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோல் மாதிரி எரிந்து முடிவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். யாராவது "கேஸ் முடிந்துவிட்டது" என்றால் "எங்கே ஒழுகுகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடித்தால் திரும்பவும் போகும். எந்த பாஸ் (திருத்த வருகிறவர்) வந்தாலும் கூலியை முதலில் பேசுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். நானும் பாஸ்தான், எனக்கும் அப்படித்தான்.

உவர்மலைக்காரி | இரவு 9.30

எங்கள் ஃபிரிட்ஜ் சுவரோடு ஒட்டி நிற்கிறது. மேலே மாமியின் சாமிப்படத் தட்டு. நகர்த்த வேண்டுமானால் நல்ல நாள் பார்க்க வேண்டும்.

மூதூர்_ராத்தா | செவ்வாய், காலை 10.02

சமையல் கேஸ் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2022 சித்திரையில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனதையும், அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டும் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றதையும் நான் மறக்க மாட்டேன். அப்போது பழகியதுதான் இது. புதுச் சிலிண்டர் மாட்டிய அன்றே மார்க்கர் பேனாவால் அதன் மேல் திகதியை எழுதுவேன். எத்தனை நாள் வந்தது என்று அடுத்ததில் பார்க்கலாம். வாங்கும்போது கடையிலேயே தராசில் வைக்கச் சொல்வேன். வெறும் சிலிண்டரின் எடை மேல்பகுதியில் பொறித்திருக்கும், அதோடு பன்னிரண்டரையைக் கூட்டினால் வர வேண்டிய எடை.

சிவப்பரிசியைச் சமைக்கும் முன் அரை மணித்தியாலம் ஊற வையுங்கள். பருப்பை விடிய ஊறப் போட்டுவிட்டால் பத்து மணிக்குச் சட்டென்று வெந்துவிடும். கொதித்த பிறகு நெருப்பைக் குறைத்து மூடி போடுங்கள். பொங்கிப் பொங்கிக் கொதித்தால் சீக்கிரம் வேகும் என்று என் மருமகள் இன்னும் நம்புகிறாள். கொதித்த தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது மகள் என்று எத்தனை தடவை சொல்வது.

முன்பு 38 நாள் வந்த சிலிண்டர் எனக்கு இந்த வழியில் இப்போது 47 நாள் வரைக்கும் போகிறது.

தம்பலகாமத்தான் | செவ்வாய், இரவு 7.44

ஐந்து பேர் வீட்டுக்கு அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குவது எனக்குப் புதினமாக இருக்கிறது. பெரும்போகம் வெட்டும் மாசி, பங்குனியில் நெல்லாக வாங்குங்கள். அந்த நேரம்தான் விலை அடியில் கிடக்கும், எங்களுக்குக் கவலை, உங்களுக்கு லாபம். 100 கிலோ நெல்லை அவித்துக் காயவைத்து மில்லில் குற்றினால் 60 முதல் 65 கிலோ வரைக்கும் அரிசி வரும். குற்றுக்கூலியையும் வண்டிக்கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தவிடு, குறுநல் உங்களுக்கே. புது நெல்லை உடனே குற்றினால் சோறு குழையும், இரண்டு மாதமாவது கிடக்க விடுங்கள்.

மூதூர்_ராத்தா | இரவு 8.15

தம்பி, நான் அந்த ஆசையில் அரிசியாகவே மூன்று மூட்டை வாங்கி வைத்து ஐப்பசி மழையோடு வண்டுக்குப் படைத்தவள். பாதியைக் கோழிக்குப் போட்டேன். நெல்லாக வைத்தால் தாங்கும், அரிசியாக வைத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம். காய்ந்த வேப்பிலை போட்டு, இறுக்கி மூடுகிற வாளியில் வைக்க வேண்டும். டவுன் வீட்டில் நெல் அவித்துக் காயவைக்க எங்கே இடம்?

தம்பலகாமத்தான் | இரவு 8.19

அதுவும் சரிதான் ராத்தா.

டொக்யார்ட்_ரூம்காரன் | இரவு 8.40

வீட்டுத்தோட்டம் போடச் சொல்லி யாராவது எழுத முதல் என் அனுபவம். வாடகை வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு முற்றத்தில் பொன்னாங்காணியும் வெண்டியும் வைத்தேன். 40 நாள் தண்ணீர் ஊற்றினேன். 41ஆம் நாள் காலை கோட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு மான் வந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நான் வாசலில் பிரஷ்ஷோடு நிற்கிறேன், அதுகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் உருப்படியாக ஒன்று செய்தேன். தண்ணீர் பில் கூட வருகிறது என்று அந்த அம்மா என் மேல் சந்தேகப்பட்டா. இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பார்த்தேன், அந்தச் சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. சுவரில், நிலத்தில் எங்கும் ஈரம் இல்லை. கொமட்டின் தண்ணீர்த் தாங்கிக்குள் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் யாரும் போகும் முன் பார்த்தால் கீழே கொமட் முழுக்க நீலம். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்து இராப்பகலாக ஒழுகியிருக்கிறது. சத்தமே இல்லை.

கடற்கரை_அண்ணா | புதன், காலை 11.20

எல்லாம் எழுதினீர்கள், மீனை விட்டுவிட்டீர்கள். மார்கழியில் கடல் அடிக்கும்போது வந்து "ஏன் இந்த விலை" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல? வாடைக் காலத்தில் வள்ளம் இறங்காது. சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் கடல் ஏரி மாதிரிக் கிடக்கும், அப்போது வாங்குங்கள். கச்சான் காற்று சுள்ளென்று அடிக்கும் ஆடியில் மீனைக் கீறி உப்புப் போட்டு ஓரிரவு வைத்து, வலை மூடிக் காயவைத்தால் மாரிக்குக் கருவாடு கையில் இருக்கும்.

கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள். முழு மீனைத் தலை, குடல், முள்ளோடு நிறுக்கிறோம். வீட்டில் கழுவி எடுத்த பிறகு ஒருநாள் திரும்ப நிறுத்துப் பாருங்கள், சட்டிக்கு எவ்வளவு வருகிறது என்று. பாரையும் அறக்குளாவும்தான் மீன் என்று நினைக்கிறவர்கள் கீரி, சாளை என்ற சின்ன மீன்களை விட்டுவிட்டுப் போகிறார்கள். பெரிய சூரை ஒன்றை மூன்று வீட்டார் சேர்ந்து எடுத்துப் பிரித்தால் துண்டாக வாங்குவதைவிட நல்ல விலைக்கு வரும். அப்புறம், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். என்னிடம் வாங்கினாலும் பாருங்கள்.

பென்சன்_வாத்தியார் | புதன், மாலை 4.30

என் வயதுக்காரருக்கு ஒரு வரி. சீனி வருத்தம், பிரஷர் மருந்துகளை எழுதும்போது மருந்தின் உண்மைப் பெயரை எழுதித் தரும்படி டொக்டரிடம் கேளுங்கள். மெட்போர்மின் என்றால் மெட்போர்மின்தான், பெட்டியின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயருக்குத்தான் விலை ஏறி இறங்குகிறது. மாற்றும் முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உவர்மலைக்காரி | ஐந்து கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 9.05

கணக்குச் சொல்ல வந்தேன். சந்திக் கடைக்கு 41 தடவை இருந்தது 13 ஆகிவிட்டது. 25ஆம் திகதி பட்டியலைக் கொடுத்தேன். கடைக்காரர் முதலில் முழித்தார், பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சீனி, பருப்பு, சவர்க்காரத்தில் சேர்த்து 1,140 ரூபாய் குறைத்துத் தந்தார். ஓட்டோ இல்லை, அவருடைய பெடியனே கொண்டுவந்து இறக்கினான். பையும் நாங்கள்தான் கொடுத்தோம், இப்போது பைக்கும் பில்லில் காசு போடுகிறார்களே.

கரண்ட் 31 நாளுக்கு 88 அலகு. மாமி ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துச் சாமிப்படத்தை இறக்கித் தந்தா, ஃபிரிட்ஜ் ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது. பின்னால் இருந்து சின்னவனின் மூன்று பென்சிலும் வந்தன.

நீலமும் ஊற்றினோம். எங்கள் கொமட் வெள்ளையாகவே இருந்தது, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. சிலிண்டர் இன்னும் முடியவில்லை, திகதி எழுதியிருக்கிறேன். ரீலோட்டில் தோற்றுவிட்டேன். மூன்று போன், தினமும் யாராவது ஒருவர் 50, 100 போடுகிறார்கள். மாதப் பக்கேஜுக்கு மாறச் சொன்னால் அவர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைக்கிறார்.

கடற்கரை அண்ணா, பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டு ரீச்சரும் சேர்ந்து சூரை எடுக்கத் தயார். நாளைக்கு வந்தால் கிடைக்குமா?

கடற்கரை_அண்ணா | இரவு 9.40

சூரை வள்ளம் ஆறு, ஆறரைக்குக் கரைக்கு வரும். யாவாரிமார் லொறியில் ஏற்றும் முன் வாங்க. சில்லறைக் காசும் சட்டியும் கொண்டு வாங்க, வெட்டித் தருகிறேன். தலை யாருக்கு என்பதை மூன்று பேரும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாங்க, போன கிழமை என் வாடியில் அதற்குத்தான் சண்டை.